டுவைலைட்: திருப்பித் தரப்பட்ட விலை

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள். அமெரிக்கப் புத்தகக் கடைகள் பலவும் அன்று நள்ளிரவில் கதவுகளைத் திறந்து வைத்திருந்தன. ஸ்டெஃபனி மேயரின் 'டுவைலைட்' தொடரில் நான்காவது நாவலான 'பிரேக்கிங் டான்' அன்றுதான் விற்பனைக்கு வந்தது. முதல் நாளில் மட்டும் அந்நாட்டில் 13 இலட்சம் படிகள் விற்றன. ஆனால் வெகு விரைவிலேயே வேறொரு செய்தியும் வந்து சேர்ந்தது. முந்தைய மூன்று நாவல்களையும் வரிவரியாக அறிந்திருந்த வாசகியரில் ஒரு பகுதியினர், வாங்கிய புத்தகத்தைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடும்படி ஒருவரையொருவர் தூண்டிக் கொண்டிருந்தனர். இவர்கள் இத்தொடரை எள்ளி நகையாடியவர்கள் அல்லர். மூன்று ஆண்டுகளாக அதற்காகக் காத்திருந்தவர்கள். அவர்களுடைய ஏமாற்றத்திற்குப் பொருள் உண்டா, உண்டெனில் அது யாது என்பதே இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்ளும் வினா.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இளம்பெண்கள் விரும்பிப் படித்தார்கள் என்பதற்காகவே ஒரு நூலை இகழ்வது நமக்கு உடன்பாடன்று. டுவைலைட்டைப் பற்றி எழுதப்பட்ட கேலிகளில் பெரும்பகுதி அத்தகையதே. வாம்பயர் இலக்கியம் முழுவதும் ஏதோவொரு காலத்தில் மலிவு இலக்கியமாகத்தான் இருந்திருக்கிறது. 1845 முதல் 1847 வரை இலண்டனில் வாரந்தோறும் ஒரு பென்னி விலையில் வெளிவந்த 'வார்னி' என்னும் தொடர்கதையை வாங்கியோர் கற்றறிந்த பெருமக்கள் அல்லர். ஆகவே விற்பனையையும் வாசகரின் வயதையும் ஒதுக்கிவைத்துவிட்டு நூலுக்குள் செல்வதே முறை.

சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் இவ்வுருவத்தை 'இரத்தக் காட்டேரி' என்று சொல்வது வழக்கம். ஆனால் நம் காட்டேரி வழிபாடும் படையலும் பெறும் தெய்வமும் ஆவாள். அவளை ஐரோப்பியப் பிணத்தோடு ஒன்றாக்குவது அவளுக்கும் நேர்மையன்று, பிணத்துக்கும் நேர்மையன்று. எனவே 'வாம்பயர்' என்றே எழுதுகிறோம்.

டுவைலைட்டின் மீது அடுக்கப்படும் குற்றச்சாட்டுகளில் மிகப் பரவலானது, அதன் வாம்பயர்கள் வெயிலில் எரிந்து சாம்பலாகாமல் வைரம்போல் மின்னுகிறார்கள் என்பது. மரபு கெட்டுவிட்டது என்று புலம்புவோர் எந்த மரபைச் சொல்கிறார்கள்? 1897இல் வெளிவந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வில் கோமகன் பட்டப்பகலில் இலண்டன் தெருவில் நிற்கிறான். ஜொனாதன் ஹார்க்கர் அவனைக் கண்டு நடுங்குகிறான். பகலில் அவன் ஆற்றல் குன்றுமேயன்றி உயிர் போகாது. அதற்கு முந்திய கதைகளில் நிலவொளி பட்டால் வாம்பயர் உயிர்த்தெழும் என்ற நம்பிக்கை உண்டே தவிர, கதிரொளி பட்டால் அழியும் என்பது கட்டாய விதியன்று. அவ்விதியை நிலைநாட்டியது 1922இல் முர்னாவ் இயக்கிய 'நொஸ்ஃபெராட்டு' என்னும் ஜெர்மானிய மௌனப்படம். அப்படமோ டிராகுலாவை உரிமை பெறாமல் எடுத்தாண்டது. ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் வழக்காடி வென்றார். படிகளை எல்லாம் அழித்துவிடும்படி 1925இல் தீர்ப்பாயிற்று. தப்பிப் பிழைத்த சில படிகளின் வழியாகத்தான் 'வெயிலில் மாய்தல்' இன்று தொன்மையான விதிபோல் நம்மிடம் உலவுகிறது. எனவே மேயர் தம் வாம்பயர்களை மின்னவிட்டதில் மரபுக்கு ஊறு ஏதும் நேர்ந்துவிடவில்லை. ஊறு வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண நாம் சற்றுத் தொலைவு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1718ஆம் ஆண்டு பசரோவிட்ஸ் உடன்படிக்கையின்படி செர்பியாவின் வடபகுதி உதுமானியரிடமிருந்து ஆஸ்திரியப் பேரரசின் கைக்கு மாறியது. புதிதாக வந்த அதிகாரிகள் எதையும் எழுதி வைக்கும் பழக்கமுடையவர்கள். அதனால்தான் கிசிலோவா என்னும் சிற்றூரின் செய்தி நமக்குக் கிடைத்திருக்கிறது. 1725இல் பீட்டர் பிளகோயெவிச் என்னும் குடியானவர் அங்கே இறந்தார். அடுத்த சில நாட்களில் ஒன்பது பேர் வரிசையாக மாண்டனர். பீட்டர் இரவில் வந்து தம்மை அழுத்தினார் என்று அவர்கள் சாகுமுன் சொன்னார்கள். ஊரார் கல்லறையைத் தோண்டினர். உடல் அழுகவில்லை, வாயில் புதுக்குருதி இருந்தது என்று அதிகாரி எழுதினார். அவர் கண்முன்னரே மார்பில் கழுவை ஏற்றி உடலை எரித்தனர். வியன்னாவின் செய்தித்தாள் அவ்வாண்டு ஜூலையில் இதை அச்சிட்டது.

அவ்வறிக்கையில் நம் மனத்தில் தைத்தது வேறொரு வரி. பீட்டரின் மனைவி ஊரைவிட்டே போய்விட்டார். இறந்த கணவர் தம்மிடம் வந்து காலணிகளைக் கேட்டார் என்பது அவர் சொன்ன காரணம். செய்தித்தாளில் இடம்பெற்ற முதல் வாம்பயர்களுள் ஒருவர் வீட்டுக்காரியிடம் கேட்டது இரத்தமன்று, செருப்பு. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. புதைக்கப்பட்டவர் நடக்கத் தொடங்கிவிட்டார், அவர் முதலில் வருவது தம் வீட்டுக்கு என்பதே அச்செய்தியின் அச்சம்.

ஏழாண்டுகளுக்குப் பின், 1732 ஜனவரியில், மெத்வெஜா என்னும் ஊரில் ஃபிளூக்கிங்கர் என்னும் படை மருத்துவர் கல்லறைகளைத் திறந்து ஆராய்ந்து முறையான அறிக்கை தந்தார். ஆர்னோல்ட் பவோலே என்பவரில் தொடங்கியதாகச் சொல்லப்பட்ட மரணங்கள் அவை. அவ்வறிக்கை ஐரோப்பா முழுவதும் பரவியது. அவ்வாண்டில்தான் 'வாம்பயர்' என்ற சொல் ஆங்கில இதழ்களிலும் நுழைந்தது. மண்ணுக்குள் உடல் வீங்குவதும், அழுகல் வாயுவின் அழுத்தத்தால் குருதி வாய்வழியே கசிவதும், மேல்தோல் உரிந்து கீழ்த்தோல் புதிதுபோல் தெரிவதும் இயல்பானவையே என்று பால் பார்பர் 1988இல் வெளியான தம் நூலில் விரிவாக விளக்கியுள்ளார். மரியா தெரேசா பேரரசியின் மருத்துவர் வான் ஸ்வீட்டன் 1755இலேயே இதை மூடநம்பிக்கை என்று தள்ளினார். பிணங்களைத் தோண்டும் வழக்கத்தைப் பேரரசி ஆணையிட்டுத் தடுத்தார்.

அறிவியல் விளக்கம் அவ்வாறிருக்க, நமக்கு வேண்டியது நம்பிக்கையின் உள்ளமைப்பு. சிற்றூர் வாம்பயர் அயலானைத் தேடிப் போவதில்லை. மனைவி, மக்கள், அண்டை வீட்டார் என்ற வரிசையில்தான் அது உண்கிறது. தொற்றுநோய் பரவும் வரிசையும் அதுவே என்பதை எண்ணிப் பார்த்தால், ஊரார் கண்டது முழுப் பொய்யும் அன்று என்று தோன்றுகிறது. யார் மிகவும் நெருங்கியவரோ அவரே முதலில் விலை கொடுக்கிறார். வாம்பயரின் அன்பும் வாம்பயரின் பசியும் ஒரே பாதையில் நடக்கின்றன.

கவிஞர்கள் இதைச் சரியாகப் பிடித்துக்கொண்டார்கள். ராபர்ட் சதி 1801இல் வெளியிட்ட 'தாலபா'வில் வாம்பயராக வருவது நாயகனின் இறந்த மணமகள். பைரன் 1813இல் எழுதிய 'தி கியாவர்' கவிதையில் ஒருவனுக்கு இடப்படும் சாபம், அவன் வாம்பயராகித் தன் மகளையும் சகோதரியையும் மனைவியையும் தானே குடிக்க வேண்டும் என்பது.

அடுத்த கட்டம் நன்கு அறியப்பட்டது. 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாது போயிற்று. 1816 ஜூனில் ஜெனீவா ஏரிக்கரையிலிருந்த தியோதாத்தி மாளிகையில் மழையால் அடைபட்டுக் கிடந்தவர்கள் பேய்க்கதை எழுதுவதென்று முடிவு செய்தனர். மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' அங்கே முளைத்தது. பைரனின் மருத்துவராக உடன்வந்த ஜான் போலிடோரிக்கு அப்போது வயது 20. பைரன் தொடங்கிப் பாதியில் விட்ட ஒரு கதையை எடுத்துக்கொண்டு அவர் எழுதிய 'தி வாம்பயர்' 1819 ஏப்ரலில் இலண்டன் இதழொன்றில் பைரனின் பெயரிலேயே வெளிவந்தது. இருவரும் மறுத்தும் பயனில்லை. பைரன் பெயரால் அக்கதை ஐரோப்பா எங்கும் புகழ்பெற்றது. போலிடோரி 1821இல், 26 வயது நிறையுமுன் மறைந்தார். தம் கதையின் புகழைப் பிறர் குடித்துத் தீர்ப்பதை உயிரோடிருந்தே பார்த்தவர் அவர்.

போலிடோரி செய்த பெரிய மாற்றம், ஊர்ப்பிணத்தைப் பிரபுவாக்கியது. வெளிறிய முகம், குளிர்ந்த விழி, விருந்து மண்டபத்தில் எல்லாப் பெண்களையும் ஈர்க்கும் அலட்சியம் ஆகியவற்றோடு வரும் லார்டு ரத்வெனின் நேர்வாரிசுதான் ஃபோர்க்ஸ் நகரப் பள்ளி உணவுக்கூடத்தில் தனியே அமர்ந்திருக்கும் எட்வர்ட் கல்லன். ஆனால் போலிடோரி விலையை மறக்கவில்லை. ரத்வென் தன்னைப் பற்றி ஓராண்டும் ஒரு நாளும் வாய் திறப்பதில்லை என்று இளைஞன் ஆப்ரியிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறான். ஆப்ரி சொல் தவறாதவன். அந்தச் சத்தியத்தின் காவலிலேயே ரத்வென் அவனுடைய தங்கையை மணந்து கொன்றுவிடுகிறான். நட்புக்குக் காட்டிய நேர்மையின் விலையைத் தங்கை கொடுக்கிறாள்.

பின்வந்தவர்களும் இக்கணக்கைத் தத்தம் வழியில் எழுதினார்கள். 'வார்னி'யின் நாயகன் பல நூறு பக்கங்களுக்குப் பின் தன்னையே வெறுத்து வெசூவியஸ் எரிமலைவாயில் குதித்து முடிகிறான். 1871–72இல் ஷெரிடன் லெ ஃபனு எழுதிய 'கார்மில்லா'வில், தனிமையில் வளரும் லாராவிடம் தோழியாக வந்து சேரும் கார்மில்லா அவளை உண்மையாகவே நேசிக்கிறாள், நேசித்துக்கொண்டே கொல்கிறாள். பின்னர்த்தான் தெரிகிறது, லாராவின் தாய்வழி முன்னோரும் கார்மில்லாவின் குடும்பமும் ஒன்றே என்று. கிசிலோவாவின் விதி இங்கும் தவறவில்லை. பிணம் தன் உறவைத் தேடித்தான் வந்திருக்கிறது.

'டிராகுலா'வில் ஸ்டோக்கர் இதை இன்னும் கடுமையாக்கினார். வாம்பயராகிவிட்ட லூசியின் மார்பில் கழுவை அறைய வேண்டியவன் அவளை மணக்கவிருந்த ஆர்தரே. டிராகுலாவின் இரத்தம் தன்னுள் சென்றுவிட்டதை அறிந்த மினா, தான் மாறிவிட்டால் தன்னைக் கொன்றுவிட வேண்டும் என்று கணவன் உட்பட ஐவரிடமும் வாக்குறுதி பெறுகிறாள். அதோடு நிற்காமல், தனக்குரிய இறுதிச் சடங்கு வாசகத்தை உயிரோடிருக்கும்போதே படிக்கச் சொல்லிக் கேட்கிறாள். கணவன் படிக்கிறான். நூல் முழுவதிலும் நம்மைப் பெரிதும் உலுக்கும் இடம் கோட்டையுமன்று, சவப்பெட்டியுமன்று, இதுதான்.

ஸ்டோக்கரின் மற்றொரு விதியையும் இங்கே குறித்துக்கொள்வது நன்று. வீட்டாருள் ஒருவர் அழைத்தாலன்றி வாம்பயர் முதன்முறை வாசலைத் தாண்ட இயலாது. அரண்மனைகளை ஆண்டவன், காற்றையும் ஓநாயையும் ஏவுபவன், ஒரு சாதாரண வீட்டின் வாசற்படியில் நின்று அழைப்புக்குக் காத்திருக்க வேண்டும். பலவீனரின் பக்கம் இம்மரபு வைத்திருந்த ஒரே காவல் அது எனலாம். டுவைலைட்டின் முதல் நாவலில் எட்வர்ட் இரவுதோறும் சன்னல் வழியே பெல்லாவின் அறைக்குள் நுழைந்து அவள் உறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். அவளை யாரும் கேட்கவில்லை. உண்மை தெரிந்தபோது அவள் நாணுகிறாள், உள்ளூர மகிழவும் செய்கிறாள். மின்னுவதைப் பற்றிப் பேசியவர்கள் இதைப் பற்றி இன்னும் கூடுதலாகப் பேசியிருக்கலாம் என்பது நம் எண்ணம்.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபை உட்புறமாகத் திருப்பியவர் ஆன் ரைஸ். 1976இல் வெளிவந்த 'இன்டர்வியூ வித் தி வாம்பயர்' நாவலில்தான் வாம்பயர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்குகிறது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1972இல், ரைஸின் மகள் ஆறு வயது நிறையுமுன்னரே இரத்தப் புற்றுநோயால் இறந்திருந்தாள். நாவலில் கிளாடியா என்னும் ஐந்து வயதுச் சிறுமி வாம்பயராக்கப்படுகிறாள். சாகாமல் காப்பாற்றப்பட்டுவிட்டாள். ஆனால் பல பத்தாண்டுகள் கடந்து அறிவும் ஆசையும் முதிர்ந்த பெண்ணாகிவிட்ட பின்னும் உடல் ஐந்து வயதிலேயே நின்றுவிட்டது. பொம்மைகளைக் கண்டால் அவளுக்கு வெறுப்பு வருகிறது. தன்னை இப்படி ஆக்கியவர்களை அவள் மன்னிப்பதில்லை. குழந்தை சாகாதிருக்க வேண்டும் என்பது எந்தத் தாயும் விரும்பும் வரம். அவ்வரம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதைக் கண் விலக்காமல் எழுதினார் ரைஸ்.

தொலைக்காட்சியிலும் இக்கணக்கு தொடர்ந்தது. 'பஃபி' தொடரில் 1998இல் ஒளிபரப்பான பகுதியில், ஆன்மா மீண்ட வாம்பயரான ஏஞ்சல் காதலில் முழு மகிழ்ச்சியை அடைந்த கணமே அந்த ஆன்மாவை இழக்கிறான். இறுதியில் காதலியே அவன் மீது வாள் பாய்ச்சுகிறாள்.

இனி மேயரிடம் வருவோம். 2003ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் நாள் கண்ட கனவிலிருந்து இத்தொடர் பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார்: புல்வெளியில் ஒரு பெண்ணும், அவளைக் காதலிக்கும், அவள் இரத்தத்திற்கு ஏங்கும் ஒருவனும். 2005இல் முதல் நாவல் வந்தது. 2006இல் 'நியூ மூன்', 2007இல் 'எக்லிப்ஸ்'. இம்மூன்று நூல்களிலும் விலை என்ற கேள்வி ஓயாமல் கேட்கப்படுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பெல்லா வாம்பயராக விரும்புகிறாள், எட்வர்ட் மறுக்கிறான். தன் ஆன்மா போய்விட்டதென்றே அவன் நம்புகிறான். மாறினால் அவள் தந்தை சார்லியையும் தாய் ரெனேயையும் மீண்டும் காண முடியாது. முதற்சில ஆண்டுகள் வெறிகொண்ட தாகத்தில் கழியும். மனிதர் அருகே வரவும் கூடாது. குழந்தைப்பேறு என்றென்றைக்கும் இல்லை. ஜேக்கப்பின் நட்பு பகையாக முடியும். பட்டியல் நீளமானது. அதை எழுதியவர் மேயரே.

'எக்லிப்ஸ்' நாவலில் ரோசலி தன் கதையைச் சொல்லும் அதிகாரம் ஒன்றுண்டு. தொடர் முழுவதிலும் சிறந்த பக்கங்கள் அவையே என்பது நம் துணிபு. 1933இல் ரோச்செஸ்டர் நகரத்தில், மணக்கவிருந்தவனாலும் அவன் நண்பர்களாலும் சிதைக்கப்பட்டுத் தெருவில் கிடந்த அவளை மருத்துவர் கார்லைல் வாம்பயராக்கிக் காப்பாற்றினார். அழகு இருக்கிறது, சாவில்லை, கொடியவர்களைப் பழியும் வாங்கிவிட்டாள். ஆனால் அவள் ஏங்குவது தன் எளிய தோழியின் வாழ்வுக்கு: கன்னத்தில் குழி விழும் ஒரு கைக்குழந்தை, மாலையில் வீடு திரும்பும் கணவன், திண்ணையில் சேர்ந்து முதுமையடைவது. தனக்குத் தெரிவு இருந்திருந்தால் இதை ஏற்றிருக்கமாட்டேன் என்கிறாள். தெரிவு உள்ள நீ ஏன் ஏற்கிறாய் என்று பெல்லாவைக் கேட்கிறாள். கிளாடியாவின் உடன்பிறந்தவள் போன்றவள் இந்த ரோசலி. மூன்றாம் நாவலை முடித்தவர்கள் நான்காம் நாவலில் எதிர்பார்த்தது இக்கேள்விக்கு விடை.

வந்ததோ முழுத் தள்ளுபடி. பெல்லாவுக்குக் குழந்தை பிறக்கிறது. வாம்பயராக மாறிய முதல் நாளே தாகத்தை அடக்கிவிடுகிறாள். அது ஏன் அவளுக்கு மட்டும் எளிதாயிற்று என்று உடனிருப்பவர்களே வியக்கிறார்கள். சார்லி பாதி உண்மையை அறிந்துகொண்டு வீட்டுக்கு வந்து போகிறார். தாய் ரெனேயைப் பற்றிக் கதை பெரிதும் மௌனமாகிவிடுகிறது. பெல்லாவை உயிராய் நேசித்த ஜேக்கப், அவளுக்குப் பிறந்த சிசு ரெனெஸ்மியைக் கண்ட கணத்தில் 'இம்ப்ரின்டிங்' என்னும் ஓநாய் இயல்பால் அக்குழந்தையோடு வாழ்நாள் முழுவதும் பிணைக்கப்பட்டுவிடுகிறான். முக்கோணக் காதலின் துயரத்தைத் தீர்க்க இதைவிட ஒவ்வாத வழி ஒன்று நமக்குத் தோன்றவில்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் புறப்பட்ட வாசகியர் பலரும் முதலில் சுட்டிக்காட்டியது இதைத்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்காம் நாவலின் நடுப்பகுதி, ஜேக்கப்பின் குரலில் வரும் கருப்பக் காலம், உண்மையிலேயே அச்சமூட்டுவது. உள்ளிருக்கும் சிசு தாயின் எலும்பை முறிக்கிறது; அவள் குவளையில் இரத்தம் பருகுகிறாள்; எட்வர்ட் பற்களால் கருப்பையைத் திறக்கிறான். பழைய சிற்றூர் அச்சம் அப்பக்கங்களில் மீண்டும் மூச்சுவிடுகிறது: வீட்டுக்குள்ளிருந்தே, சொந்த உறவே, உண்கிறது. ஓர் அதிகாரம் கடந்ததும் எல்லாக் காயமும் ஆறிவிடுகிறது, தழும்புகூட எஞ்சவில்லை.

இதனினும் நம்மை வருத்தியது வேறொன்று. வால்டூரி என்னும் வாம்பயர் ஆட்சியாளர் படைதிரட்டி வருவதற்குக் காரணம் 'சாகாக் குழந்தைகள்' பற்றிய சட்டம். முற்காலத்தில் சிறு குழந்தைகளை வாம்பயராக்கினார்கள். அவர்கள் வளராமல், கற்காமல், ஊர் ஊராகக் கொன்று தீர்த்தார்கள். ஆகவே அதற்கு மரணதண்டனை. கிளாடியாவின் கதவை மேயர் தாமாகவே தட்டியிருக்கிறார் என்று வாசகர் நிமிர்ந்து உட்காரும் இடம் இது. ஆனால் ரெனெஸ்மி அத்தகையவள் அல்லள். அவள் பாதி மனிதப் பிறவி. விரைந்து வளர்வாள், ஏழு ஆண்டுகளில் பருவமடைவாள், பின் முதுமையின்றி நிற்பாள். தென்னமெரிக்காவிலிருந்து ஆலிஸ் அழைத்துவரும் மற்றொரு பாதிப்பிறவி அதற்குச் சாட்சி. வழக்கு தள்ளுபடியாகிறது, படை திரும்பிச் செல்கிறது. ரைஸ் திறந்த கதவு தட்டப்பட்டது, திறக்கப்படவில்லை.

கதைக்குள் ஆலிஸ் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நூலிலிருந்து கிழித்த தாளில் குறிப்பெழுதி வைத்துப் போகிறாள். போரின்றி வாதத்தால் முடியும் என்பதற்கான முன்குறிப்பு அது. ஆனால் அந்நாடகத்தில் கடன்பத்திரத்திலுள்ள ஓட்டையால் ஒருவன் பிழைக்கும்போது மற்றொருவன் பொருளையும் சமயத்தையும் இழந்து நீதிமன்றத்தைவிட்டுத் தள்ளாடிச் செல்கிறான். இங்கே களத்தில் உயிரிழப்பது, வாசகர் அதிகம் அறியாத ஐரினா ஒருத்தி மட்டுமே. இக்குறையை முதலில் உணர்ந்தவர்கள் திரைப்படக்காரர்கள் போலும். 2012இல் வெளிவந்த இறுதிப் படத்தில், நூலில் இல்லாத பெரும்போர் ஒன்றைச் சேர்த்தார்கள். கார்லைலின் தலையே உருள்கிறது. பின் அது ஆலிஸ் காட்டிய எதிர்காலக் காட்சி மட்டுமே என்று மாற்றிக்கொண்டார்கள். விலையைக் காட்டிவிட்டு மீண்டும் பையில் போட்டுக்கொண்டதாயிற்று.

கதைக்கு வெளியே வேறொருவர் கணக்கும் உண்டு. ஜேக்கப்பின் இனமாகச் சொல்லப்படும் குயிலியூட் மக்கள் கற்பனையல்லர். வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் லா புஷ் என்னும் ஊரில் வாழும் பழங்குடியினர். ஓநாயிலிருந்து மனிதராக மாற்றப்பட்டவர்கள் தாங்கள் என்பது அவர்களுடைய தோற்றக்கதை. வாம்பயர்ப் பகை அதில் இல்லை. ஆழிப்பேரலை தாக்கக்கூடிய தாழ்நிலத்திலிருந்து மேட்டுக்கு இடம்பெயர நிலம் வேண்டி அவர்கள் நெடுங்காலம் போராடினார்கள். அண்டையிலுள்ள தேசியப் பூங்காவிலிருந்து நிலம் தருவதற்கான சட்டம் 2012இல் நிறைவேறியது. அவர்கள் பெயரால் ஓடிய கதையின் இலாபம் அவர்களுக்குரியதாக இருக்கவில்லை.

டுவைலைட்டில் வாம்பயர் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியது. 2011இல் வெளிவந்த 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' முதலில் டுவைலைட் விசிறி ஒருவர் எழுதிய தழுவல் கதை. அதில் எட்வர்ட் வெறும் மனிதன், பெரும் பணக்காரன். வாம்பயரை அடியோடு நீக்கியபின்னும் கதை நின்றது, கோடிக்கணக்கில் விற்றது. கார்மில்லாவிலிருந்தோ கிளாடியாவிலிருந்தோ வாம்பயரை நீக்கினால் எஞ்சுவது என்ன?

டுவைலைட்டின் முதல் திரைப்படம் வந்த அதே 2008ஆம் ஆண்டில் சுவீடனில் 'லெட் தி ரைட் ஒன் இன்' திரையிடப்பட்டது. லிண்ட்க்விஸ்ட் 2004இல் எழுதிய நாவலின் வடிவம். அங்கும் தனித்த சிறார் இருவர், அங்கும் வாம்பயர், அங்கும் அன்பு. சிறார் வாம்பயருக்காகக் கொலை செய்து இரத்தம் சேகரிக்கும் முதியவர் ஒருவர் படத்தில் வருகிறார். அவர் ஒரு காலத்தில் யாராக இருந்தார், இந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் நாளை யாராக ஆவான் என்பதைப் படம் நம்மிடமே விட்டுவிடுகிறது. அழைப்பின்றி வாசலைத் தாண்டினால் என்ன நேரும் என்பதையும் அது காட்டுகிறது. உடலெங்கும் இரத்தம் கசிகிறது.

மேயரால் இயலாததன்று இது. எட்வர்டின் பார்வையில் முதல் நாவலை மறுபடி சொல்லும் 'மிட்நைட் சன்', 2008இல் முடிக்கப்படாத நிலையில் கசிந்துபோய், பின் 2020 ஆகஸ்டில் நூலாக வந்தது. அதன் தொடக்கத்தில், உயிரியல் வகுப்பில் பெல்லாவின் மணம் காற்றில் வந்தவுடன், அவளைக் குடிப்பதற்காக வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரையும் எந்த வரிசையில் கொல்ல வேண்டும் என்று எட்வர்ட் மனத்துக்குள் கணக்கிடுகிறான். ஆசிரியர் உட்பட ஒருவரும் மிஞ்சக்கூடாது. அமைதியாக, விநாடி விநாடியாக. அந்தப் பக்கங்களை எழுதிய கைக்கு விலை என்னவென்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

டுவைலைட்டைப் படித்து மனங்குறைந்த இளைய வாசகர் எவரேனும் அடுத்து எதைப் படிக்கலாம் என்று கேட்டால், நாம் 'கார்மில்லா'வையே கையில் கொடுப்போம். சிறிய நூல்; ஓரிரவில் முடித்துவிடலாம். கார்மில்லாவின் கல்லறை திறக்கப்பட்டு எல்லாம் முறைப்படி முடிந்துவிடுகிறது. லாரா பிழைத்துக்கொள்கிறாள். ஆண்டுகள் சென்றபின் இக்கதையைச் சொல்லும்போதும், சில மாலைகளில் கூடத்து வாயிலில் அந்தத் தோழியின் மெல்லிய காலடி கேட்பதுபோல் அவளுக்குத் தோன்றுகிறது. அவள் அஞ்சுகிறாளா, எதிர்பார்க்கிறாளா என்று லெ ஃபனு சொல்லவில்லை.